திவான் சேஷையா சாஸ்திரியார்

அரசு நடைபெறப் பொருள் வேண்டும். அப்பொருள் குடிகளிடமிருந்தே வருதல் வேண்டும். எவ்வளவு பெறுவது என்பதைப் போலவே எவ்வாறு பெறுவது என்பதும் அரசுக்குப் பெரிய வினாவாகும். ஆங்கிலேயர் ஆண்ட இந்தியாவில் 1860ஆம் ஆண்டு வருமான வரி புகுந்தது. 1857ஆம் ஆண்டுக் கிளர்ச்சியால் ஏற்பட்ட கடனைத் தீர்க்க நிதி உறுப்பினர் ஜேம்ஸ் வில்சன் கொணர்ந்த வரி அது. அக்காலத்தில் தொண்டைமான் மன்னர்கள் ஆண்ட புதுக்கோட்டைச் சீமையிலோ, உழவர் பலர் அரசுக்குரிய பங்கை நெல்லாகவே அளந்துவந்தனர். அம்முறையை மாற்றியவர் அமராவதி சேஷையா சாஸ்திரியார்.

அவர் 1828ஆம் ஆண்டில் தஞ்சை மாவட்டத்து அமராவதி என்னும் சிற்றூரில் பிறந்தார். சென்னையில் பவல் என்னும் புகழ்பெற்ற ஆசிரியரிடம் பயின்றார். பின்னாளில் திருவாங்கூர்த் திவானாக விளங்கிய மாதவ ராயரும் அவ்வாசிரியரின் மாணவரே. கல்வி முடிந்தபின் வருவாய்த் துறையில் எழுத்தராகச் சேர்ந்த சாஸ்திரியார், மசூலிப்பட்டினத்தில் தாசில்தாராகவும் வருவாய் வாரியத்தில் சிரஸ்தாராகவும் உயர்ந்தார். 1872 முதல் 1877 வரை திருவாங்கூர்த் திவானாக இருந்தார். 1878ஆம் ஆண்டில் இராமச்சந்திரத் தொண்டைமானின் ஆட்சியில் புதுக்கோட்டையின் நிருவாகத்தை ஏற்றார். தென்னாட்டை வாட்டிய பெரும் பஞ்சம் அப்பொழுதுதான் ஓய்ந்திருந்தது. கருவூலமோ வறண்டு கிடந்தது.

அங்கே அவர் கண்ட முறைக்கு அமானி என்பது பெயர். விளைந்ததை அரசும் குடியும் பங்கிட்டுக்கொள்வதே அதன் சாரம். கேட்பதற்கு நேரியதாகத் தோன்றும் இம்முறை, நடைமுறையில் பெருங்கேடாக இருந்தது. கதிர் தலை காட்டியதும் கங்காணிகள் வந்து காவல் நிற்பர். பயிர் முற்றியதும் மதிப்பிடுவோர் வந்து கண்டுமுதல் இவ்வளவு என்று கணிப்பர். மதிப்பு மிகுந்தால் குடிக்குக் கேடு. குறைந்தால் அரசுக்குக் கேடு. அதிகாரியின் இசைவு வரும்வரை அரிவாளை எடுத்தல் ஆகாது. இசைவு வருவதற்குள் மழை வந்துவிட்டால், முற்றிய கதிர் வயலிலேயே முளைவிடும். களத்தில் குவித்த நெல்லுக்கும் காவல் வேண்டும். அக்காவலரைக் கண்காணிக்கவும் ஆள் வேண்டும்! இத்தனைக்குப் பின்னும் இரவில் நெல் களவு போயிற்று. அரசின் களஞ்சியத்தில் சேர்ந்த நெல்லிலும் ஒரு பகுதி மட்கியது. தன் உழைப்பின் பயனில் பாதி பிறருக்குப் போவதைக் கண்ட உழவன், எருவிடவும் மனமின்றி உழுதான். களவு செய்பவனைப் பழிப்பது எளிது. நேர்மையாக இருப்பவனுக்கு நட்டம் தரும் முறையை வகுத்தவர்களையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும் அன்றோ!

சாஸ்திரியார் காவலைப் பெருக்கவில்லை. காவலே வேண்டாத வழியை நாடினார். நிலத்தின் சராசரி விளைச்சலைக் கண்டு, அரசின் பங்கை நெல் விலையால் பணமாக்கி, நிலையான தீர்வை விதித்தார். உழவன் தான் வேண்டியபோது அறுக்கலாம்; வேண்டியவருக்கு விற்கலாம். எருவிட்டுப் பாடுபட்டு மிகுதியாக விளைத்தால் அம்மிகுதி முழுவதும் அவனுடையது. கங்காணிகளும் மதிப்பிடுவோரும் களத்தைவிட்டு அகன்றனர்.

இம்மாற்றத்தில் குறையே இல்லை எனல் பொருந்தாது. பங்கு முறையில் மழை பொய்த்தால் அரசின் பங்கும் தானே குறையும். பணத் தீர்வையோ வறட்சியைத் தானாக அறியாது. ஏரிப் பாசனத்தையும் வானத்தையும் நம்பிய புதுக்கோட்டையில் இது சிறிய செய்தி அன்று. நெல்லை விற்றுத் தவணைக்குள் பணம் சேர்க்க வேண்டிய கவலையும் குடியைச் சார்ந்தது. எனினும் தன் கடன் இவ்வளவு என்பதை விதைக்கும் நாளிலேயே அவன் அறிந்தான்.

1886ஆம் ஆண்டில் இராமச்சந்திரத் தொண்டைமான் மறைந்தார். அவருடைய மகள் வயிற்றுப் பேரரான மார்த்தாண்ட பைரவர் அப்பொழுது சிறுவர். ஆதலால் சாஸ்திரியாரே திவானும் அரசப் பிரதிநிதியுமாக இருந்து ஆட்சியை நடத்தினார். அதே ஆண்டில் ஆங்கில இந்தியாவில் புதிய வருமான வரிச் சட்டம் பிறந்தது. உழவு வருமானத்துக்கு அது விலக்களித்தது. நிலத்தீர்வை செலுத்தும் உழவனிடம் மற்றொரு வரி கேட்பது தகாது என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணங்களுள் ஒன்று. அச்சட்டம் தொண்டைமான் சீமைக்கு உரியதன்று. அங்கே நிலத்தீர்வையே அரசின் முதன்மையான வருவாய்.

கருவூலத்தில் சேர்ந்த பொருள் மீண்டும் குடிகளையே நாடிச் சென்றது. சேறு மண்டிக்கிடந்த குளங்கள் தூர்வாரப்பெற்றன. புதுக்குளம் நகருக்குக் குடிநீர் தந்தது. சாலைகள் சீர்பெற்றன, அரசு அலுவலகங்களுக்கெனப் பெரிய கட்டடம் எழுந்தது. சாஸ்திரியார் 1894ஆம் ஆண்டில் இளைய மன்னர் ஆட்சியை ஏற்கும் பருவம் எய்தியதும் ஓய்வு பெற்றுக் கும்பகோணம் சென்று வாழ்ந்தார். 1903ஆம் ஆண்டில் அங்கேயே காலமானார்.