லோஹ்ரி நெருப்பைச் சுற்றி ஒலிக்கும் பெயர்: யார் இந்த துல்லா பட்டி?

தருமபுரி மாவட்டம் தீர்த்தமலை அடிவாரத்தில் போகி கொண்டாடும் அதே ஜனவரி வாரத்தில், 2,000 கி.மீ.க்கும் அப்பால் பஞ்சாபிலும் தீ மூட்டுகிறார்கள். பெயர் லோஹ்ரி. நாள், ஜனவரி 13. நமக்கு விடியற்காலைத் தீ, அவர்களுக்கு ராத்திரித் தீ. எள், வெல்லம், வேர்க்கடலை, சோளப்பொரியை நெருப்பில் போட்டுவிட்டு மிச்சத்தைப் பகிர்ந்து சாப்பிடுவார்கள். நம்ம தலைப்பொங்கல் மாதிரி, புதுமணத் தம்பதிக்கு முதல் லோஹ்ரி ரொம்ப விசேஷம்.

அன்று சிறுவர்கள் வீடு வீடாகப் போய்ப் பாடும் பாட்டில் ஒருவர் பெயர் திரும்பத் திரும்ப வரும். அவர்தான் துல்லா பட்டி. இது அரூர் பக்கத்து ஊர்ப்பெயர்களில் வரும் பட்டி இல்லை. பஞ்சாபின் முஸ்லிம் ராஜபுத்திரக் குலம் ஒன்றின் பெயர்.

வரிதான் பிரச்சினை

துல்லாவின் ஊர் பிண்டி பட்டியான். இன்று பாகிஸ்தானின் ஹாஃபிசாபாத் மாவட்டத்தில் இருக்கிறது. ராவி, செனாப் ஆறுகளுக்கு நடுவே உள்ள சாந்தல் பார் என்ற புதர்க்காட்டுப் பகுதி அது. மாடு மேய்த்தும் கொஞ்சம் விவசாயம் பார்த்தும் வாழ்ந்த மக்கள். தங்கள் தலைவரைத் தவிர யாருக்கும் கட்டுப்பட்டுப் பழக்கமில்லை.

அக்பர் ஆட்சியில் நிலத்தை அளந்து வரி போடும் முறை இறுகியது. 1580-ல், பத்து வருட விளைச்சல், விலை இரண்டுக்கும் சராசரி பார்த்து, மூன்றில் ஒரு பங்கை அரசின் பங்காக்கி, பணமாகவே வசூலித்தார்கள். மொகலாய அரசுக்கு அது நிர்வாகச் சீர்திருத்தம். மேய்ச்சல்காட்டுக்காரர்களுக்கு அது கழுத்தில் விழுந்த கயிறு.

துல்லாவைப் பற்றி நமக்குத் தெரிவதில் பெரும்பகுதி நாட்டுப்புறக் கதைப்பாடல்கள் வழியே வந்ததுதான். வரி கட்ட மறுத்த அப்பா ஃபரீதையும் தாத்தாவையும் மொகலாயர்கள் கொன்றார்கள். அம்மா லத்தி அதை மகனிடம் சொல்லாமலே வளர்த்தார். தண்ணீர் எடுத்து வந்த பெண்ணின் குடத்தைச் சிறுவன் துல்லா விளையாட்டாக உடைக்க, முதலில் உன் அப்பன் செத்த கதையைத் தெரிந்துகொள் என்று அவள் குத்திக்காட்டினாளாம். வீட்டுக்கு ஓடிய பிறகு எல்லாம் மாறிப்போனது.

காட்டில் நடந்த கல்யாணம்

துல்லா ஆள் திரட்டினார். அரசுக்குப் போன பணத்தையும் பொருளையும் வழிமறித்துப் பறித்து, ஏழைகளுக்குக் கொடுத்தார். நமக்கு இது புதுக்கதை இல்லை. தீர்த்தகிரி என்ற இயற்பெயர் கொண்ட தீரன் சின்னமலை, மைசூருக்குப் போன வரிப்பணத்தைப் பறித்த கதையைக் கொங்கு நாடே சொல்லும். 1805-ல் சங்ககிரியில் தூக்கிலிடப்பட்ட அவரை ஆடிப்பெருக்கு அன்று நினைவுகூர்கிறோம். பஞ்சாபுக்கு லோஹ்ரி அப்படி.

லோஹ்ரியோடு துல்லாவைச் சேர்த்தது ஒரு கல்யாணம். சுந்தரி, முந்தரி என்ற இரண்டு ஏழை இந்துப் பெண்களைத் தூக்கிப்போக ஓர் அதிகாரி குறிவைத்தார். துல்லா அவர்களை மீட்டு, மாப்பிள்ளை பார்த்தார். பயத்தில் புரோகிதர் யாரும் வரவில்லை. காட்டிலேயே தீ வளர்த்து, அப்பா ஸ்தானத்தில் நின்று தாரை வார்த்தார். சீராகக் கொடுக்கக் கையில் இருந்தது ஒரு சேர் நாட்டுச் சர்க்கரை மட்டும்தான். அந்தத் தீதான் லோஹ்ரித் தீ என்பது மக்கள் நம்பிக்கை. குளிர் உச்சத்தைத் தாண்டும்போது நெருப்பு மூட்டும் வழக்கம் தனியாகவே இருந்திருக்கலாம். ஆனால் அதற்கு ஒரு முகம் கொடுத்தது துல்லாதான்.

எல்லையின் இரு பக்கமும்

கடைசியில் அவரைப் பிடித்தார்கள். 1599-ல் லாகூரில், மற்றவர்களுக்குப் பாடமாக இருக்கட்டும் என்று, ஊர் பார்க்கத் தூக்கிலிட்டதாகச் சொல்வார்கள். மியானி சாஹிப் இடுகாட்டில் அவர் கல்லறை இருக்கிறது.

1947 பிரிவினையில் அவர் ஊரும் கல்லறையும் பாகிஸ்தானுக்குப் போயின. அவர் பெயர் சொல்லித் தீ மூட்டும் குடும்பங்களில் பெரும்பாலோர் இந்தியப் பக்கம் வந்துவிட்டார்கள். இந்துப் பெண்களுக்கு அப்பாவாக நின்ற ஒரு முஸ்லிமின் பெயரைச் சீக்கிய, இந்துக் குழந்தைகள் இன்றும் வாசலில் நின்று பாடிக் கடலையும் வெல்லமும் வாங்கிப் போகிறார்கள். அவரைத் தூக்கிலிட்ட அதிகாரியின் பெயர் அந்தப் பாட்டில் இல்லை.