நீதிபதி ஸர் எட்வர்ட் கோக்

நமது சங்கத்துக் குடும்பங்களில் வக்கீல் தொழில் புரிவோரும், நிலம் பற்றியோ பாகம் பற்றியோ கோர்ட்டுப் படி ஏறினோரும் பலருளர். நம் வழக்கைக் கேட்கும் நீதிபதியை, ஆள்வோர் தம் விருப்பப்படி விலக்கிவிட இயலாது என்பது நமக்கு எத்துணைப் பெரிய காவல் என்று எண்ணிப் பார்த்தோர் சிலரே. அக்காவல் எளிதிற் கிடைத்ததன்று. அதற்கு அடிகோலியவருள் ஒருவராகிய இங்கிலாந்து தேசத்து ஸர் எட்வர்ட் கோக் என்பாரின் சரித்திரத்தை ஈண்டுச் சுருக்கி வரைகின்றோம்.

கோக் 1552-ஆம் ஆண்டில் நார்போக் ஜில்லாவைச் சேர்ந்த மைல்ஹாம் என்னும் ஊரிற் பிறந்தார். கேம்பிரிட்ஜ் திரினிடி கல்லூரியிற் பயின்று, பின் லண்டனிற் சட்டங் கற்று, 1578-இல் வக்கீலானார். 1593-இல் காமன்ஸ் சபையின் சபாநாயகராகவும், 1594-இல் எலிசபெத் ராணியாரின் அட்டர்னி ஜெனரலாகவும் உயர்ந்தார். இப்பிந்திய பதவிக்கு அவரோடு போட்டியிட்டுத் தோற்றவர் பேரறிஞர் பிரான்சிஸ் பேக்கன். அன்று மூண்ட பகைமை நெடுங்காலம் தணியவில்லை.

ஓர் உண்மையை நாம் மறைத்தலாகாது. அக்காலத்தில் கோக் அரசாங்கத்தின் கைவாளாகவே விளங்கினார். 1603-இல் ஸர் வால்ட்டர் ராலேயின் மீது ராஜத்துரோக வழக்கு நடத்தியபோது அவர் வழங்கிய கடுஞ்சொற்கள் அவரது புகழுக்கு நீங்காத மாசாயின. ஆயினும் 1606-இல் பிரதம நீதிபதியாய் ஆசனம் ஏறியபின், அவர் சட்டத்திற்கே கட்டுப்பட்டவரானார்.

அப்பொழுது அரசாண்ட முதலாம் ஜேம்ஸ், நீதிபதிகள் தம் ஏவலாளரே என்றும், தாமே வழக்குத் தீர்க்கலாம் என்றும் கருதினார். 1607-இல் கோக் அதனை மறுத்து, சட்டம் நெடுநாட் பயிற்சியால் வருவதென்றும், அரசரும் அதற்கு உட்பட்டவரே என்றும் எடுத்துரைத்தார். மன்னர் சீறியபொழுது அவர் தரையில் விழுந்து மன்னிப்பு வேண்டியதாக ஒரு குறிப்பு உண்டு. அஞ்சியிருப்பினும், கொண்ட கொள்கையை அவர் கைவிட்டாரில்லை.

1613-இல் அவர் அரசரின் பெயர் தாங்கிய மன்றத்திற்குப் பிரதம நீதிபதியாக மாற்றப்பட்டார். 1616-இல் முடிவான சோதனை வந்தது. பிஷப் ஒருவருக்கு மற்றொரு கோயில் மானியத்தையும் சேர்த்தளிக்க அரசருக்கு அதிகாரம் உண்டா என்பது வழக்கு. தம்மைக் கலந்துகொள்ளும்வரை விசாரணையை நிறுத்துமாறு மன்னர், அன்று அட்டர்னி ஜெனரலாயிருந்த பேக்கன் மூலம் கட்டளையிட்டார். நீதிபதிகள் பன்னிருவரும் அது சட்டத்திற்கு முரணென்று எழுதி, விசாரணையை நடத்தினர். மன்னர் அவர்களைத் தம் முன் வரவழைத்தார். பன்னிருவரும் மண்டியிட்டனர். இனி இத்தகைய கட்டளை வரின் வழக்கை நிறுத்துவீரோ என்று கேட்கப்பட்டபோது, பதினொருவர் இசைந்தனர். கோக் ஒருவர் மட்டும், அவ்வேளை வரின் நீதிபதிக்குத் தக்கது எதுவோ அதனையே செய்வேன் என்று விடை பகர்ந்தார். அவ்வாண்டு நவம்பர் மாதம் அவர் பதவி பறிபோயிற்று.

இழந்த தயவை மீட்கும்பொருட்டு, 1617-இல் தம் மகளை அவள் விருப்பமின்றி, அரசரின் உற்ற நண்பரது சகோதரருக்கு மணமுடித்தார். இதனை நாம் போற்றுதற்கில்லை. பெண்மக்களைப் பெற்றோர் இதனைப் படித்து வருந்துவர்.

1621-இல் கோக் காமன்ஸ் சபையிற் பெருஞ்செல்வாக்குடன் விளங்கினார். அப்பொழுது லார்ட் சான்ஸலர் என்னும் உயர்நீதிப் பதவியில் இருந்தவர் பேக்கன். அவர் வழக்காளிகளிடம் கைக்கூலி பெற்றாரென்று குற்றச்சாட்டு எழுந்தது. பிரபுக்கள் சபை சாட்சிகளை விசாரித்தது. பேக்கனும் குற்றத்தை ஒப்பினார். 40,000 பவுன் அபராதமும் பதவியிழப்பும் தண்டனையாயின. அவ்வாண்டின் இறுதியில் கோக்கும், சபையின் உரிமைகளுக்காக வாதாடியமையால், லண்டன் கோபுரத்திற் சிறை வைக்கப்பட்டார். விடுதலை பெற்றபின்னும் தளராது, 1628-இல் பிரஜைகளின் உரிமை விண்ணப்பத்தை நிறைவேற்ற முன்னின்றார். 1634-இல் தமது 82-ஆம் வயதிற் காலமானார்.

நிற்க. இச்சரித்திரத்தில் இரு நீதிபதிகள் பதவியிழந்தனர். ஒருவரை நீக்கியது மன்னரின் கோபம். மற்றவரை நீக்கியது விசாரித்து வெளிப்பட்ட குற்றம். இவ்விரண்டின் வேறுபாடே நாம் அறியவேண்டுவது. 1701-ஆம் ஆண்டுச் சட்டத்தால், நன்னடத்தை உள்ளவரை நீதிபதி பதவியில் நீடிப்பார் என்றும், பார்லிமெண்டின் இரு சபைகளும் வேண்டினாலன்றி அவரை விலக்கலாகாதென்றும் இங்கிலாந்தில் ஏற்பட்டது. நமது அரசியல் சட்டத்தின் 124-ஆவது விதியும், நிரூபணமான தவறோ இயலாமையோ இருந்து, இரு சபைகளும் தனித்தனியே பெரும்பான்மையால் வேண்டினாலன்றி சுப்ரீம் கோர்ட்டு நீதிபதியை விலக்க இடந்தரவில்லை.

எனினும் சபைகளுக்கும் கோபம் உண்டு. அமெரிக்காவில் நீதிபதி ஸாமுவேல் சேஸ் மீது கட்சிப்பகை காரணமாக 1804-இல் குற்றஞ்சாட்டப்பட்டது. 1805-இல் செனட் சபை அவரை விடுவித்தது. ஆதலின், தமக்கு எதிராகத் தீர்ப்பு வந்ததென்று நீதிபதியை நீக்கச் சொல்வோர் யாராயினும், அவர் நம்மவரேயாயினும், குற்றம் யாது, சான்று யாது என்று நாம் வினவுதல் வேண்டும். இன்று நம் பகைவர் வழக்கைக் கேட்கும் ஆசனமே நாளை நம் பிள்ளைகளின் வழக்கையும் கேட்கும்.