போத்தலுக்குள் ஒரு காடு: கிழக்கு இலண்டன் வைத்தியர் வார்டின் கதை

ஒக்லாந்தில் குளிர்கால மழை தொடங்கியதும் வீட்டு முற்றத்துச் சீமெந்துத் தரையிலும் மதில் ஓரத்திலும் பச்சைப் பாசி படர்ந்துவிடும். பெரியவர்கள் வழுக்கும் என்று அதைச் சுரண்டி எறிவோம். பிள்ளைகள் அதையே பொறுக்கி வெற்று ஊறுகாய்ப் போத்தலில் இட்டு, மூடி போட்டு, படிக்கும் மேசையில் வைத்துக்கொள்வார்கள். தண்ணீர் ஊற்றாமலே அது மாதக்கணக்கில் பச்சையாக இருக்கிறதே என்று வியப்பார்கள். அந்த வியப்பு ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் பழையது. அதற்கு உரியவர் நதானியேல் பாக்ஷோ வார்ட் என்ற ஆங்கிலேய வைத்தியர். எங்கள் மக்களின் வரலாற்றிலும் அவருடைய கண்ணாடிப் பெட்டிக்கு ஓர் இடம் உண்டு.

வார்ட் 1791ஆம் ஆண்டு இலண்டனில் பிறந்தார். தந்தையும் வைத்தியர். பதின்மூன்று வயதில் கப்பலேறி ஜமெய்க்காத் தீவுக்குப் போய்வந்த சிறுவனின் மனதில் அங்குள்ள பனைகளும் பன்னங்களும் பதிந்துவிட்டன. ஊர் திரும்பி, தந்தையின் தொழிலையே கற்று, கிழக்கு இலண்டனில் துறைமுகத்தை அண்டிய வெல்குளோஸ் சதுக்கத்தில் நோயாளிகளைப் பார்க்கத் தொடங்கினார். ஆனால் செடிகள் மீதான ஆசை விடவில்லை. அதிகாலையில் ஊருக்கு வெளியே போய்ச் செடி தேடுவார். வீட்டு முற்றத்து மதிலில் கல் அடுக்கி, காட்டிலிருந்து கொண்டுவந்த பாசியையும் பன்னத்தையும் நட்டு, துளையிட்ட குழாயால் தண்ணீர் சொட்டவும் வழி செய்தார். எல்லாம் பட்டுப்போயின. தொழிற்சாலைகளின் நிலக்கரிப் புகைக்கு முன்னால் அவை நிற்கவில்லை.

1829ஆம் ஆண்டில் அவருடைய கவனம் ஒரு கூட்டுப்புழுவில் இருந்தது. அதிலிருந்து அந்துப்பூச்சி வெளிவருவதைப் பார்க்க விரும்பி, அகன்ற வாய்ப் போத்தல் ஒன்றில் ஈரமான உக்கல் மண்ணை இட்டு, அதில் கூட்டுப்புழுவைப் புதைத்து மூடிவைத்தார். பகலில் மண்ணிலிருந்து எழும் ஈரம் கண்ணாடியில் துளியாகப் படிந்து மீண்டும் மண்ணுக்கே இறங்குவதைக் கவனித்தார். பூச்சி வெளிவருவதற்கு ஒரு கிழமை முன்னர், மண்ணில் ஒரு பன்னமும் ஒரு புல்லும் முளைத்திருந்தன. முற்றத்தில் ஆண்டுக்கணக்கில் பாடுபட்டும் வளராத பன்னம் இங்கே தானாக வந்திருந்தது. புகை உள்ளே வரவில்லை. ஈரம் வெளியே போகவில்லை. காரணம் அவ்வளவுதான்.

வார்ட் அந்தப் போத்தலை யன்னலுக்கு வெளியே வைத்தார். ஒரு துளி தண்ணீரும் ஊற்றாமல் அவை ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் வாழ்ந்தன. கடைசியில் அவர் ஊரில் இல்லாத நேரம், மூடி கறள் பிடித்து மழைநீர் உள்ளே போனதால்தான் அழிந்தன. ஸ்கொட்லாந்தில் வேறொருவர் சில ஆண்டுகள் முன்னரே இதுபோல வளர்த்திருந்தார். ஆனால் அதை வெளியே சொல்லவில்லை. உலகத்துக்குச் சொன்னவர் வார்ட்.

அடுத்து அவர் எண்ணியது கப்பல்களைப் பற்றி. அக்காலத்தில் கடல் கடந்து போகும் செடிகள் உப்புக்காற்றாலும் நன்னீர் இன்மையாலும் வழியிலேயே மடிந்துவிடும். இருபது செடி அனுப்பினால் ஒன்றுதான் பிழைக்கும் என்பது ஹக்னியில் நாற்றுத்தோட்டம் வைத்திருந்த ஜோர்ஜ் லொடிஜஸின் அனுபவம். 1833 யூனில் வார்ட் பன்னமும் புல்லும் நட்ட இரண்டு கண்ணாடிப் பெட்டிகளைக் கப்பல் தளத்தில் வைத்து அவுஸ்திரேலியாவுக்கு அனுப்பினார். மாதக்கணக்கான பயணத்தின் பின் சிட்னியை அடைந்தபோது சிலவற்றைத் தவிர எல்லாம் உயிரோடிருந்தன. அதே பெட்டிகளில் அவுஸ்திரேலியச் செடிகளை நட்டு 1834இல் திருப்பி அனுப்பினார்கள். தென்னமெரிக்காவின் கோர்ண் முனையில் தளத்தில் பனி கொட்டியது; வெப்பவலயத்தில் வெயில் எரித்தது. எட்டு மாதங்களின் பின் இலண்டனில் பெட்டியைத் திறந்தபோது செடிகள் செழிப்பாக இருந்தன. இப்போது இருபதில் பத்தொன்பது பிழைக்கின்றன என்று லொடிஜஸ் கணக்கைத் திருப்பிப் போட்டார்.

நியூசிலாந்துக்கும் பெட்டி விரைவில் வந்துவிட்டது. 1841இல் அந்தாட்டிக் பயணத்தின் இடையே பே ஒஃப் ஐலண்ட்ஸ் வந்திறங்கிய இளம் தாவரவியலாளர் யோசப் ஹுக்கர், இந்நாட்டுச் செடிகளை வார்டின் பெட்டியில் இட்டே இங்கிலாந்துக்கு அனுப்பினார். வார்ட் 1842இல் தன் முறையை நூலாக எழுதினார். காப்புரிமை எடுத்துப் பணம் பண்ணவில்லை. புகை சூழ்ந்த நகரத்து ஏழைகளின் யன்னலிலும் பச்சை நிறம் தெரியவேண்டும் என்பதே அவருடைய ஆசை. 1851ஆம் ஆண்டு இலண்டன் மாபெரும் கண்காட்சியில், பதினெட்டு ஆண்டுகள் தண்ணீர் ஊற்றாத செடிப் போத்தல் ஒன்றை மக்கள் சுற்றிநின்று பார்த்தார்கள்.

ஆனால் அந்தப் பெட்டி ஏழைகளின் யன்னலை விடப் பேரரசின் தோட்டங்களுக்கே கூடுதலாகப் பயன்பட்டது. சீனத்துத் தேயிலைக் கன்றுகள் அதில் இமயமலைச் சாரலுக்கு வந்தன. தென்னமெரிக்காவின் சிங்கோனா நீலகிரிக்கு வந்தது. 1876இல் பிரேசிலின் இறப்பர் விதைகள் இலண்டன் கியூ பூங்காவில் முளைக்கவைக்கப்பட்டு, 38 பெட்டிகளில் 1,900க்கும் மேற்பட்ட கன்றுகளாக இலங்கைக்கு அனுப்பப்பட்டன. பெரும்பாலானவை பிழைத்து, கம்பகாவுக்கு அருகே ஹெனரத்கொடையில் நடப்பட்டன. அடுத்த ஆண்டு 22 கன்றுகள் சிங்கப்பூருக்குப் போயின. பின்னாளில் மலாயாவின் இறப்பர் தோட்டங்களுக்கு அதுவே தொடக்கம்.

செடிகள் போன இடங்களுக்கு எங்கள் மனிதரும் கொண்டுபோகப்பட்டார்கள். தமிழகத்துக் கிராமங்களிலிருந்து இலங்கை மலைநாட்டுக்கும் மலாயாவுக்கும் கங்காணிகளின் பின்னே நடந்தும் கப்பலேறியும் போனவர்களின் கதை நாம் அறிந்ததே. கன்றுகளுக்குக் கண்ணாடிப் பெட்டி இருந்தது; எத்தனை பிழைத்தன என்று எண்ணி எழுதிவைத்த கணக்கும் இருக்கிறது. மலைநாட்டுக்கு நடந்த பாதையில் வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் விழுந்தவர்களுக்கு அப்படியொரு காப்பு இருக்கவில்லை. தலைமுறைகளாக அந்த மண்ணில் உழைத்தவர்களின் குடியுரிமையை 1948இல் ஒரு சட்டம் பறித்தது. வார்ட் இதில் எதையும் நினைத்துச் செய்தவரல்லர். ஆனாலும் ஒரு நல்ல மனிதரின் கண்டுபிடிப்பு யார் கைக்குப் போகிறது என்பதை எங்கள் பிள்ளைகள் தெரிந்துகொள்ளத்தான் வேண்டும்.

இன்னொரு தீமையும் நேர்ந்தது. பெட்டியில் செடியோடு மண்ணும் போனது. மண்ணோடு பூச்சியும் நோயும் போயின. கறிவேப்பிலைக் கன்றொன்றைக் கையோடு கொண்டுவர ஏன் விடுகிறார்கள் இல்லை என்று விமான நிலையத்தில் சலித்துக்கொள்கிறோம். அந்தக் கண்டிப்புக்குப் பின்னால் இப்படி ஒரு நீண்ட அனுபவம் இருக்கிறது. ஒக்லாந்தின் மேற்கே வைட்டாக்கரே மலைக்காட்டில் நூற்றாண்டுகள் வாழக்கூடிய கவுரி மரங்கள் மண்ணில் பரவும் நோயால் சாகின்றன. சப்பாத்தில் ஒட்டிய சிறிது மண்ணே அந்நோயைக் கொண்டுபோகப் போதும். 2018இல் மாநகரசபை அக்காட்டின் பெரும்பகுதியை மூடியது. அதற்கு முன்னரே அந்நிலத்தின் மாவோரி மக்கள் தங்கள் மரபுப்படி அங்கே தடை விதித்திருந்தார்கள்.

ஆகவே போத்தல் தோட்டம் செய்ய விரும்பும் பிள்ளைகளைக் காட்டுக்குக் கூட்டிப்போய்ப் பாசி பிடுங்கவேண்டாம். பூங்காக்களிலும் காப்புக் காடுகளிலும் அனுமதியின்றிச் செடி எடுக்கவும் கூடாது. வீட்டு முற்றத்துப் பாசி போதும். இந்நாட்டுச் சிறு பன்னங்கள் வேண்டுமென்றால் நாற்றுக்கடையில் வாங்கலாம். போத்தலின் அடியில் சிறுகல், அதன்மேல் சிறிது கரி, பிறகு மண், மேலே பாசி. மழைநீரை மெல்லத் தெளித்து மூடிவிடுங்கள். இங்கே வெயில் வடக்குப் பக்கமாக அடிக்கும். ஆகவே தெற்கு யன்னலோரம் நல்லது. நேர் வெயில் பட்டால் உள்ளே அவிந்துவிடும். கண்ணாடி எந்நேரமும் புகைபோல் மூடிக்கிடந்தால் ஈரம் மிகுதி. ஒருநாள் மூடியைத் திறந்துவிட்டால் சரி. இந்நாட்டுப் பன்னங்கள் எப்படி இருக்கும் என்று காட்ட, டொமைன் பூங்காவில் பழைய கற்குழி ஒன்றுக்குள் அமைந்த பன்னத்தோட்டத்துக்கு ஒரு ஞாயிறு போய்வாருங்கள்.

வார்ட் 1868 யூன் 4ஆம் திகதி சசெக்ஸ் கடற்கரையில் சென் லெனாட்ஸில் காலமானார். இலண்டன் நோர்வூட் மயானத்தில், பெயர் பொறிக்காத குழியில் புதைக்கப்பட்டார். தென்னாபிரிக்க நீரோடைகளில் வளரும் ஒரு பாசி இனத்துக்கு, அவர் வாழ்ந்த காலத்திலேயே, அவர் நினைவாக வார்டியா என்று பெயர் வைத்திருந்தார்கள். கல்லறைக் கல் இல்லாவிட்டாலும் பாசி அவர் பெயரைச் சொல்கிறது.

தேயிலைத் தூரின் கீழ் புதைந்துபோன எங்கள் முன்னோர் பலருக்குக் கல்லும் இல்லை, எந்தச் செடியும் அவர் பெயரைச் சொல்வதில்லை. மேசையில் இருக்கும் அந்தப் போத்தலைப் பிள்ளைகள் பார்த்திருக்கும் ஒரு மாலையில், வார்டின் கதையோடு அவர்களின் கதையையும் சேர்த்துச் சொல்லுங்கள்.