இளைஞர் கேள்விக்குச் செவி கொடுத்த மேதை

நீல்ஸ் போர் என்ற பெயரை அணு அமைப்புப் பாடத்தில் நாம் எல்லோரும் படித்திருக்கிறோம். தமிழில் எழுதினால் சண்டையைக் குறிக்கும் பெயர். ஆனால் அவரைப் போன்ற சாதுவான மனிதர் விஞ்ஞான உலகில் அபூர்வம். அவர் வகுத்த எலெக்ட்ரான் பாதைகளைப் பரீட்சைக்காக உருப்போடும் நாம், அவர் இளம் விஞ்ஞானிகளுக்குச் செய்ததைக் கேள்விப்படுவதில்லை.

இவர் 1885ஆம் ஆண்டு அக்டோபர் 7ஆம் நாள் டென்மார்க்கின் தலைநகரான கோபன்ஹேகனில் பிறந்தார். தந்தை உடலியல் பேராசிரியர். அவருடைய நண்பர்கள் வீட்டில் கூடி விவாதிக்கும்போது சிறுவன் நீல்ஸும் தம்பி ஹெரால்டும் ஓரமாக உட்கார்ந்து கேட்பார்கள். பெரியவர்கள் பேசுமிடத்தில் பிள்ளைகளுக்கு என்ன வேலை என்று யாரும் விரட்டவில்லை.

1911இல் இங்கிலாந்திலுள்ள கேம்பிரிட்ஜுக்குப் போனார். அரைகுறை ஆங்கிலத்தில், புகழ்பெற்ற ஜே. ஜே. தாம்சனின் ஆராய்ச்சியில் இருந்த பிழைகளை எடுத்துச் சொன்னார். தாம்சனுக்கோ இந்த இளைஞருடன் உட்கார்ந்து பேச நேரமில்லை. அடுத்த ஆண்டு மான்செஸ்டரில் ரூதர்போர்டு அவருக்குக் காது கொடுத்தார். 1913இல் அணுக் கொள்கை வெளிவந்தது. கேட்பாரில்லாமல் நிற்பது எப்படியிருக்கும் என்பதை அனுபவித்து அறிந்தவர் போர்.

1920 ஏப்ரலில் பெர்லினில் அவர் உரையாற்றினார். லீஸ் மைட்னர், ஜேம்ஸ் பிராங்க், குஸ்டாவ் ஹெர்ட்ஸ் முதலியோருக்கு உரையில் பாதி விளங்கவில்லை. பெரிய பேராசிரியர்கள் முன்னிலையில் கேட்கவும் தயக்கம். ஆகவே அவர்கள் ஒரு துணிச்சலான காரியம் செய்தார்கள். பெரிய பதவியிலிருப்போர் ஒருவரும் வராத ஒரு நாள் கூட்டத்துக்குப் போரை அழைத்தார்கள்! அவரும் மகிழ்ச்சியோடு வந்தார். நாள் முழுதும் கேள்விகள், பதில்கள். முதல் உலக யுத்தம் முடிந்து உணவுக்குத் தட்டுப்பாடு நிலவிய காலம் அது. வேதியியல் மேதை ஹேபர் எல்லோருக்கும் தம் வீட்டில் மதிய உணவளித்தார். ஐன்ஸ்டைனையும் அழைக்கலாமா என்று அவர் அந்த இளையவர்களிடம் அனுமதி கேட்டாராம். பெண்களுக்குப் பல்கலைக்கழகக் கதவுகள் சரியாகத் திறக்காத காலத்தில் படித்து முன்னேறிய மைட்னர், அந்த நாளை முதுமையிலும் மறக்கவில்லை.

1921இல் கோபன்ஹேகனில் போரின் ஆராய்ச்சி நிலையம் திறக்கப்பட்டது. 1922இல் நோபல் பரிசு கிடைத்தது. பரிசைவிட நமக்குச் சுவையானது அவ்வாண்டு ஜூனில் ஜெர்மனியின் கெட்டிங்கனில் நடந்தது. அவருடைய சொற்பொழிவு முடிந்ததும் இருபது வயது மாணவர் ஒருவர் எழுந்து மறுப்புத் தெரிவித்தார். போர் கோபிக்கவில்லை. அன்று அவரையே அழைத்துக்கொண்டு அருகிலிருந்த குன்றில் நெடுநேரம் பேசியபடி நடந்தார். அந்த மாணவர்தான் வெர்னர் ஹைசன்பர்க். பின்னர் கோபன்ஹேகனுக்கு வந்து போருடன் பணியாற்றினார்.

1929 முதல் போர் தம் நிலையத்திலேயே மாநாடுகள் கூட்டினார். கண்டிப்பான நிகழ்ச்சி நிரல் கிடையாது; விவாதமே பிரதானம். 1932இல் இளைஞர்கள் கதேயின் பாஸ்ட் நாடகத்தைக் கேலியாக மாற்றி, போரைக் கடவுள் பாத்திரமாக்கி நடித்தார்கள். நம் பள்ளி ஆண்டு விழாவில் இப்படிச் செய்ய நமக்குத் துணிவு வருமா!

மறு ஆண்டு ஹிட்லர் ஆட்சியில் யூத விஞ்ஞானிகள் வேலையிழந்தார்கள். போர் நேரே ஜெர்மனிக்குச் சென்று, யாருக்கு உதவி தேவை என்று விசாரித்தார். மாநாட்டுக்கு வந்தவர்களிடம் வேலைக்கும் இடம் தேடினார். பிராங்க் கோபன்ஹேகனுக்கே வந்தார். மைட்னரின் சகோதரி மகன் ஓட்டோ பிரிஷுக்கும் அங்கு இடம் கிடைத்தது. 1938இல் மைட்னர் ஜெர்மனியை விட்டுத் தப்பவும் போர் துணை நின்றார்.

1960 ஜனவரியில் போர் சென்னைக்கு வந்தார். மயிலாப்பூரில் ஏகாம்ர நிவாஸ் என்ற தம் இல்லத்தில் பேராசிரியர் அல்லாடி ராமகிருஷ்ணன் மாணவர்களுக்காகக் கருத்தரங்கு நடத்தி வந்தார். போர் அவர்களைச் சந்தித்தார். இந்தியாவில் தம்மைக் கவர்ந்தவையாக, பம்பாயில் பாபா அமைத்த பெரிய அணுசக்தி நிலையத்தோடு இந்தச் சிறு குழுவையும் சேர்த்துச் சொன்னார். பிரதமர் நேருவின் கவனம் இதனால் அதன்பால் திரும்பியது. 1962 ஜனவரி 3ஆம் நாள் சென்னையில் கணித அறிவியல் நிறுவனம் தொடங்கப்பட்டது. அதே ஆண்டு நவம்பர் 18ஆம் நாள் போர் கோபன்ஹேகனில் காலமானார்.