மோட்டார் ஓட்டிய மங்கை டாரதி லெவிட்

காரில் ஓட்டுநருக்கு எதிரே, தலைக்கு நேராகத் தொங்கும் சிறு கண்ணாடியை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். திரும்பிப் பார்க்காமலே பின்னால் வரும் வண்டியை அது காட்டிவிடும். கார்களில் அப்படி ஒரு கண்ணாடி பொருத்தும் வழக்கம் பரவாத காலத்திலேயே, கைப்பிடியுள்ள முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்றை வண்டியில் வைத்துக்கொள்ளும்படி ஓர் இங்கிலாந்துப் பெண்மணி தம் புத்தகத்தில் எழுதிவைத்தார். பயணத்தின் முடிவில் முகத்தைச் சரிசெய்துகொள்ளலாம். ஓட்டும்போது அவ்வப்போது உயர்த்திப் பிடித்தால் பின்னால் வருவதும் தெரியும் என்பது அவர் கருத்து. புத்தகம் வந்த ஆண்டு 1909. எழுதியவர் டாரதி லெவிட்.

இவர் 1882ஆம் ஆண்டு ஜனவரி 5ஆம் நாள் லண்டனின் ஹாக்னி பகுதியில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். பிறந்தபோது வைத்த பெயர் எலிசபெத் லெவி. பின்னர் குடும்பத்தார் தங்கள் பெயரை லெவிட் என்று மாற்றிக்கொண்டனர். தந்தை வியாபாரி. பிற்காலத்தில் பத்திரிகைகள் டாரதியைப் பெரிய இடத்துச் சீமாட்டிபோல் வருணித்தன. உண்மையில் அவர் மாதச் சம்பளத்துக்கு அலுவலக வேலை பார்த்த பெண். லண்டன் லாம்பெத் பகுதியில் இருந்த நேப்பியர் மோட்டார் கம்பெனியில் செயலாளர் பணி. அந்தக் கம்பெனியின் கார்களை விற்றவரும் பந்தயங்களில் ஓட்டியவருமான செல்வின் எட்ஜ் என்பவரின் கண்ணில் இவர் பட்டார். ஒரு பெண்ணே ஓட்டக்கூடிய வண்டி என்று காட்டினால் வியாபாரம் பெருகும் என்று எட்ஜ் கணக்குப் போட்டார். ஆகவே டாரதிக்கு வண்டி ஓட்டக் கற்பித்தார்கள். பிறகு பாரிஸ் நகரத்துக்கு அனுப்பி, கார் எப்படிச் செய்யப்படுகிறது என்பதையும் கற்கச் செய்தார்கள். விளம்பரத்துக்காகத்தான் அனுப்பினார்கள் என்றாலும், கற்றுக்கொண்டவர் விளம்பரத்தோடு நின்றுவிடவில்லை.

அக்கால இங்கிலாந்தில் கார் வைத்திருப்பது இன்றைக்கு இருப்பதுபோல் எளிதான காரியம் அன்று. 1896 வரை இயந்திர வண்டிக்கு முன்னால் ஓர் ஆள் நடந்துபோக வேண்டும் என்றே சட்டம் இருந்தது! 1903இல் வந்த மோட்டார் சட்டத்தின்படி, 1904 முதல் ஒவ்வொரு வண்டிக்கும் பதிவு எண்ணும் ஓட்டுபவருக்கு உரிமமும் கட்டாயமாயின. வேக வரம்பு மணிக்கு 20 மைல். உரிமத்துக்குக் கட்டணம் 5 ஷில்லிங். தேர்வு எதுவும் கிடையாது. ஓட்டத் தெரியுமா என்று யாரும் கேட்க மாட்டார்கள். ஓட்டுநர் தேர்வு அங்கே கட்டாயமானது 1935இல்தான். பெட்ரோல் பங்க்குகள் இல்லை. 2 காலன் தகர டின்களில் பெட்ரோலை வாங்கி ஊற்றவேண்டும். பல வண்டிகளுக்கு மேற்கூரையும் இல்லை, முன்கண்ணாடியும் இல்லை. மழை பெய்தால் முழுக்க நனைவது, வெயில் அடித்தால் புழுதியில் குளிப்பது! சாலையில் குதிரை லாட ஆணிகள் சிதறிக் கிடக்கும். பஞ்சர் ஆகாமல் வீடு சேர்ந்தால் அது பாக்கியம். வசதியுள்ளவர்கள் இதற்கெல்லாம் ஒரு டிரைவரை வைத்துக்கொண்டார்கள்.

இந்தச் சூழ்நிலையில்தான் டாரதி 1903இல் பந்தயங்களில் இறங்கினார். அதே ஆண்டு அயர்லாந்தின் கார்க் துறைமுகத்தில் முதல் ஹார்ம்ஸ்வொர்த் மோட்டார்ப் படகுப் போட்டி நடைபெற்றது. எட்ஜின் படகில் சென்ற குழுவில் டாரதியும் இருந்தார், படகு வென்றது. ஆனால் கோப்பையில் பொறிக்கப்பட்டது படகின் உரிமையாளரான எட்ஜின் பெயர். உழைப்பவர் ஒருவர், பெயர் வாங்குபவர் வேறொருவர் என்பது எந்த நாட்டிலும் நடக்கிறது!

1904இல் ஹெரிஃபோர்ட் நகரில் 1000 மைல் சோதனை ஓட்டம் நடந்தது. டாரதி ஒரு சிறிய டி தியோன் காரில், கூட மெக்கானிக் யாரும் இல்லாமல் கலந்துகொண்டார். பழுதுகளைத் தாமே பார்த்துக்கொண்டார். அவரிடம் டோடோ என்னும் பொமரேனியன் நாய்க்குட்டி ஒன்று இருந்தது. எப்போதும் காரில் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும். அதன் குரைப்பு மற்ற ஓட்டுநர்களுக்குப் பிடிக்கவில்லை. டாரதியைக் கேலி செய்ய எண்ணி, ஆண்கள் எல்லோரும் தங்கள் கார்களின் முன்புறத்தில் பொம்மை நாய்களைக் கட்டிக்கொண்டு வந்து நின்றார்கள். டாரதி கோபப்படவும் இல்லை, கண்கலங்கவும் இல்லை. நாய் பிஸ்கட் வாங்கிவந்து ஒவ்வொரு ஓட்டுநருக்கும் கொடுத்தார். இதைவிட நல்ல பதில் எனக்குத் தோன்றவில்லை.

1905இல் அவர் லண்டனிலிருந்து லிவர்பூலுக்குத் தாமே கார் ஓட்டிச் சென்றார். 205 மைல் தூரத்தை ஏறத்தாழ 11 மணி நேரத்தில் கடந்தார். பிறகு அப்படியே லண்டனுக்கு ஓட்டித் திரும்பினார். கூட வந்தவர்கள் ஒரு பார்வையாளரும் டோடோவும். அதே ஆண்டு ஜூலையில் பிரைட்டன் கடற்கரைச் சாலையில் நேப்பியர் காரை மணிக்கு ஏறத்தாழ 80 மைல் வேகத்தில் ஓட்டிப் பெண்களுக்கான சாதனையை ஏற்படுத்தினார். மறு ஆண்டு, 1906இல், பிளாக்பூலில் மணிக்கு ஏறத்தாழ 91 மைல்; அதாவது 146 கிலோமீட்டர். அந்த ஓட்டத்தில் பானெட்டின் முன்பகுதி தளர்ந்துவிட்டது. தக்க சமயத்தில் வண்டியை நிறுத்தியிராவிட்டால் அது காற்றில் பின்னோக்கிப் பறந்துவந்து தம் கழுத்தையே துண்டித்திருக்கும் என்று அவர் தம் குறிப்பில் எழுதியிருக்கிறார். உலகத்திலேயே வேகமான பெண் என்று பத்திரிகைகள் புகழ்ந்தன. பிரிட்டனில் பெண்களுக்கு அப்போது பாராளுமன்றத் தேர்தலில் வாக்குரிமைகூடக் கிடையாது.

1907இல் புரூக்லண்ட்ஸ் என்னும் இடத்தில் மோட்டார்ப் பந்தயத்துக்கென்றே தனி வட்டப்பாதை திறக்கப்பட்டது. டாரதி போட்டியிட அனுமதி கேட்டார். பெண் என்பதால் மறுத்துவிட்டார்கள். 1908இல் அங்கே பெண்களுக்கென்று ஒரு பந்தயம் வைத்தார்கள். அதில் முரியல் தாம்ப்சன் என்பவர் ஆஸ்டின் காரில் வென்றார். டாரதியோ வாசல் அடைத்த இடத்தில் காத்து நிற்காமல் ஐரோப்பாக் கண்டத்துப் போட்டிகளுக்குப் போய்விட்டார்.

பந்தயச் சாதனைகளை அடுத்து வருபவர் முறியடித்துவிடுவார். 1909இல் வெளிவந்த 'பெண்ணும் காரும்' என்னும் பொருள்படும் அவருடைய புத்தகமே பெரிய காரியம் என்பது என் எண்ணம். கார் ஓட்டும் பெண்களுக்கும், ஓட்ட விரும்பியும் அஞ்சி நிற்கும் பெண்களுக்கும் அருகில் உட்கார்ந்து பேசுவதுபோல் எழுதப்பட்டது. முதல் வண்டி பெரிதாக இருக்கவேண்டாம். ஒற்றை சிலிண்டர் உள்ள சிறிய காரே போதும், அதை ஒரு பெண் தனியாகவே பராமரிக்கலாம் என்கிறார். புறப்படுமுன் தண்ணீர், எண்ணெய், பெட்ரோல் மூன்றையும் தானே பார்க்கவேண்டும்; பிறர் பார்த்திருப்பார்கள் என்று இருந்துவிடக் கூடாது. அக்காலத்தில் இயந்திரத்தைக் கிளப்ப முன்புறமுள்ள ஹாண்டிலைக் கையால் சுற்றவேண்டும். அதை ஒருபோதும் கீழ்நோக்கி அழுத்தாதீர்கள், மேல்நோக்கிச் சட்டென்று இழுத்துவிடுங்கள் என்று காரணத்தோடு சொல்லித்தருகிறார். இயந்திரம் எதிர்த்து உதைத்தால், கீழ்நோக்கி அழுத்தும் கையின் எலும்பு முறிந்துவிடும். மேலே இழுக்கும் கையோ ஹாண்டிலை விட்டு எளிதில் விலகிவிடும்.

உடையைப் பற்றியும் எழுதுகிறார். லேஸ், சுருக்கம் வைத்த அலங்காரங்கள் எல்லாம் காருக்கு ஆகாது. மேலே ஒரு முழு அங்கி வேண்டும். இருக்கைக்கு அடியிலுள்ள சிறிய இழுப்பறையில் கையுறை, கைக்குட்டை, கண்ணாடி, கொஞ்சம் சாக்லேட் ஆகியவை இருக்கட்டும். வழியில் மனம் சோர்ந்தால் சாக்லேட் ஆறுதல் தருமாம்! தனியாகப் பயணம் செய்யும் பெண் ஒரு சிறிய கைத்துப்பாக்கியும் வைத்துக்கொள்ளலாம் என்றும் சொல்கிறார். இந்த ஒரு யோசனையை நம் பள்ளிச் சகோதரிகள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்; பெற்றோரும் அப்படியே. ஆள் நடமாட்டமற்ற நாட்டுப்புறச் சாலையில் வண்டி நின்றுவிட்டால் அக்காலத்தில் யாரையும் கூப்பிடத் தொலைபேசி இல்லை என்பதையும் நினைத்துப் பார்க்கவேண்டும்.

வண்டி நின்றுவிட்டால் பதறாமல் ஒவ்வொன்றாகச் சோதிக்கச் சொல்கிறார். பெட்ரோல் வருகிறதா? தீப்பொறி விழுகிறதா? ஸ்பார்க் பிளக் அழுக்கேறியிருக்கிறதா? காரின் உள்ளே இருப்பது மந்திரம் அன்று, கற்றுக்கொள்ளக்கூடிய இயந்திரம்தான் என்பதே அவர் போதனை. பெண்களுக்கு இயந்திரம் புரியாது என்று சொல்லிக்கொண்டிருந்தவர்களுக்கு அவர் வாதம் செய்து பதில் சொல்லவில்லை. மேலங்கி அணிந்து பானெட்டைத் திறந்து வேலை செய்யும் தம் படங்களைப் புத்தகத்தில் வெளியிட்டார்.

பிறகு விமானத்தின்மேல் ஆசை பிறந்தது. பிரான்ஸ் நாட்டுக்குச் சென்று பறக்கக் கற்கத் தொடங்கினார். 1910க்குப் பின் அவரைப் பற்றிய செய்திகள் நின்றுபோயின. பந்தயம் இல்லை, புத்தகம் இல்லை, மேடை இல்லை. அவர் திருமணம் செய்துகொள்ளவும் இல்லை. 1922ஆம் ஆண்டு மே 17ஆம் நாள் லண்டன் மேல் பேக்கர் தெருவிலிருந்த தம் இருப்பிடத்தில் படுக்கையிலேயே இறந்து கிடந்தார். வயது 40. இதய நோயோடு தட்டம்மையும் கண்டிருந்தது. வலிக்கு எடுத்துக்கொண்ட மார்பின் மருந்து அளவு மீறிவிட்டது. விசாரணையில் அது எதிர்பாராத விபத்து என்று தீர்ப்பாயிற்று. அவர் விட்டுச்சென்ற சொத்து 224 பவுன். அது அவருடைய சகோதரிக்குச் சேர்ந்தது.