செபமாலையைக் கழுத்தில் அணிந்த நாள்: புனித யோசப் வாஸ் அடிகளாரும் எமது புத்தளமும்

எமது கல்லூரி நூறாவது ஆண்டைக் காணும் இவ்வேளையில், நூற்றாண்டு மலருக்கு ஒரு பெரியாரின் வாழ்க்கையைப் பற்றி எழுதித் தருமாறு பழைய மாணவிகள் சங்கம் கேட்டுக்கொண்டது. எமக்கு உடனே நினைவுக்கு வந்தவர் புனித யோசப் வாஸ் அடிகளார். அவர் இலங்கையின் முதற் புனிதர் என்பது மட்டும் அதற்குக் காரணமன்று. காலைக் கூட்டத்தில் செபத்தை முன்னின்று சொல்லும்படி பெயர் கூப்பிட்டால், தொண்டை வறண்டு, முழங்கால் நடுங்க நின்ற பிள்ளைகள் நாம். வாய் திறக்கும் துணிவு எங்கிருந்து வருகிறது என்ற கேள்வி அன்றே எம்முடன் வந்துவிட்டது. அதற்கு ஒரு விடையை இந்தக் கரையில் நடந்து திரிந்த ஒருவரின் வாழ்வில் காண்கிறோம்.

அடிகளார் 1651 ஆம் ஆண்டு ஏப்ரல் 21 ஆம் திகதி கோவாவில், தாயாரின் ஊரான பெனோலிமில் பிறந்தார். தந்தையாரின் ஊர் சங்கோலே. தாய்மொழி கொங்கணி. 1676 இல் குருப்பட்டம் பெற்றபின் ஏழைகளைப் போல வெறுங்காலுடன் நடப்பதை வழக்கமாக்கிக்கொண்டார். 1681 முதல் சில ஆண்டுகள் கன்னடக் கரையில் பணியாற்றித் திரும்பி, 1685 இல் கோவாவில் இந்தியக் குருக்கள் சிலர் கூடி வாழ்ந்த துறவற இல்லத்தில் சேர்ந்து, அதன் தலைவருமானார். அங்கேயே மதிப்போடு இருந்திருக்கலாம். ஆனால் அவருடைய மனம் இலங்கையிலேயே இருந்தது.

அன்றைய இலங்கையின் நிலை என்ன? 1658 இல் யாழ்ப்பாணக் கோட்டை ஒல்லாந்தர் வசமானதோடு போர்த்துக்கேயர் ஆட்சி முடிந்தது. ஒல்லாந்தரும் கிறிஸ்தவர்களே; ஆயினும் கத்தோலிக்க மறையை அவர்கள் தடைசெய்தார்கள். குருக்கள் வெளியேற்றப்பட்டார்கள். கோவில்கள் பறிபோயின. குருவுக்கு வீட்டில் இடம் கொடுப்பதே பெருங்குற்றமாயிற்று. ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் திருப்பலியின்றி, பாவசங்கீர்த்தனமின்றி ஒரு சமூகம் வாழ்ந்தது. பெரியவர்கள் வீட்டுக்குள்ளே செபம் சொன்னார்கள். வெளியே மௌனமாக இருந்தார்கள். அந்த மௌனத்தை நாம் குறை சொல்லமுடியாது. பிள்ளைகுட்டிகளை வைத்திருந்தவர்களின் மௌனம் அது.

இந்த மக்களைத் தேடியே அடிகளார் 1687 இல் தூத்துக்குடியிலிருந்து கப்பலேறினார். குருவின் அங்கியைக் களைந்து கூலியாளின் கோலத்தில் வந்தார். கூட வந்தவர் யோவான் என்ற உண்மையுள்ள பணியாளர். புயலும் பசியும் தாகமும் வாட்டிய பயணத்தின் முடிவில் மன்னாரை அடைந்து, அங்கிருந்து யாழ்ப்பாணம் சென்றனர். அங்கே கடும் வயிற்றுளைவு அவரைப் படுக்கையில் வீழ்த்தியது. தொற்றுக்குப் பயந்து ஊரார் விலக, இரக்கமுள்ள ஒரு பெண் கொண்டுவந்து கொடுத்த கஞ்சியே அவரைக் காப்பாற்றியது என்பர். உடலில் நீர் வற்றிப்போகும் அந்நோய்க்குக் கஞ்சித்தண்ணீர் எவ்வளவு பெரிய மருந்து என்பதை மருத்துவம் படித்தபின்பே நாம் விளங்கிக்கொண்டோம். புனிதரின் இலங்கைப் பணி பெயர் தெரியாத ஒரு பெண்ணின் கையால் தொடங்கியது என்பதைப் பெண்கள் கல்லூரியின் மலரில் சொல்லாமல் விடலாகாது.

உடல் தேறியதும் அவருக்கு ஒரு சிக்கல் எழுந்தது. கத்தோலிக்கர் யார் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? கேட்டால் எவரும் சொல்லார். தவறான ஆளிடம் கேட்டால் அதோடு எல்லாம் முடிந்தது. அவர் செய்தது மிகச் சிறிய காரியம். ஒரு செபமாலையைக் கழுத்தில் அணிந்துகொண்டு, வீடுவீடாகப் பிச்சை கேட்டுப் போனார். வாயால் ஒன்றும் சொல்லவில்லை. பார்ப்பவர்களின் கண்களை மட்டும் கவனித்தார். யாருடைய பார்வை அந்த மணிகளில் தங்கி நிற்கிறது, யாருடைய முகம் மாறுகிறது என்று பார்த்தார். இப்படியாக ஒரு குடும்பத்தை இனங்கண்டு, நம்பிக்கை வந்தபின் தாம் குரு என்பதை வெளிப்படுத்தினார்.

துணிவு என்றால் உரத்த குரலில் முழங்குவது என்று நாம் எண்ணுகிறோம். அடிகளாரின் துணிவு அப்படிப்பட்டதன்று. அளவறிந்து, ஆளறிந்து, செபத்தோடு எடுத்துவைத்த முதலடி அது. அந்த ஓரடியை அவர் எடுத்தபோது, முப்பது ஆண்டுகள் வாய்மூடியிருந்த வீடுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. சில்லாலையில் தங்கி, இரவுகளில் ஊர் ஊராகச் சென்று திருப்பலி ஒப்புக்கொடுத்தார்.

இத்துணிவுக்கு விலையும் இருந்தது. 1689 ஆம் ஆண்டு நத்தார்க் காலத்தில் ஒல்லாந்த வீரர்கள் செபத்துக்குக் கூடியிருந்தவர்களைச் சுற்றி வளைத்தனர். பலர் பிடிபட்டனர்; சிலர் கசையடியும் சிறையும் அனுபவித்தனர். அடிகளார் மட்டும் அகப்படவில்லை. தம்மை நம்பி வாய் திறந்தவர்கள் அடிபட, தாம் தப்பியதை அவர் எப்படிச் சுமந்திருப்பார்? மற்றவர்களைப் பேசும்படி தூண்டுகிறவர் எவரும் மறக்கக்கூடாத பாரம் இது.

இதன்பின் 1690 அளவில் அவர் வந்து சேர்ந்த இடம் எமது புத்தளம். இங்கே ஏன் வந்தார் என்பதை எம் ஊரின் புவியியல் சொல்லும். களப்புக்கு அப்பால் கற்பிட்டியில் ஒல்லாந்தர் 1667 இல் கட்டத் தொடங்கிய கோட்டை நின்றது. களப்புக்கு இப்பால் புத்தளமோ கண்டி மன்னரின் ஆட்சிக்குட்பட்டிருந்தது. ஒரே நீர்ப்பரப்பின் ஒரு கரையில் தடை, மறு கரையில் புகலிடம். முன்பு போர்த்துக்கேயர் விரட்டிய முஸ்லிம்களுக்கு இடமளித்ததும் கண்டி இராச்சியமே. பின்பு ஒல்லாந்தர் விரட்டிய கத்தோலிக்கருக்கும் அதே பௌத்த இராச்சியம் நிழலானது. எல்லாச் சமயப் பிள்ளைகளும் ஒரே வாங்கில் இருந்து படித்த நாம் இதை நன்றியுடன் நினைக்கவேண்டும்.

இக்கரையில் இருந்த விசுவாசிகளைத் திடப்படுத்தியபின், 1692 இல் அடிகளார் கண்டிக்குப் புறப்பட்டார். அங்கே அவரைப் போர்த்துக்கேய ஒற்றர் என்று ஒரு பிரெஞ்சுக்காரர் மன்னரிடம் குற்றஞ்சாட்டினார். இரண்டாம் விமலதர்மசூரிய மன்னர் அவரைச் சிறையிலடைத்தார். அடிகளார் அந்தக் காலத்தை வீணாக்கவில்லை, சிங்களம் கற்றார். தன் மொழி தெரியாதவர்களிடம் பேச வேண்டுமானால் அவர்களுடைய மொழியை முதலில் கேட்கவேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. அவருடைய ஒழுக்கத்தைக் கண்ட மன்னர் காவலைத் தளர்த்தினார்.

1696 ஆம் ஆண்டளவில் கண்டியில் கொடும் வறட்சி. மழைக்காகச் செபிக்கும்படி அடிகளாரிடமும் கேட்கப்பட்டது. அவர் வெட்டவெளியில் பீடம் அமைத்து, சிலுவையை நிறுத்தி, எல்லோரும் பார்க்க முழந்தாளிட்டுச் செபித்தார். மழை பெய்தது என்று வரலாறு சொல்கிறது. மழை எப்படி வந்தது என்று ஆராய்வது எமது நோக்கமன்று. மழை வராமற் போயிருந்தால் அவருக்கும் அவரது மக்களுக்கும் என்ன நேர்ந்திருக்கும் என்பதையே நாம் எண்ணிப் பார்க்கிறோம். யாழ்ப்பாணத்தில் மறைவில் செபித்தவர், இங்கே ஒரு நகரமே பார்த்திருக்கச் செபித்தார். இதன்பின் இராச்சியமெங்கும் போதிக்க மன்னர் அனுமதி வழங்கினார்.

1697 இல் பெரியம்மை வந்தது. மன்னரும் நகரத்தவரும் கண்டியை விட்டு ஓடினர். நோயாளிகள் காட்டோரங்களில் கைவிடப்பட்டனர். அடிகளாரும் அவரது மருமகன் யோசப் கார்வாலோ அடிகளாரும் அங்கே நின்றார்கள். குடிசை போட்டு நோயாளரைக் கிடத்தி, புண்களைக் கழுவி, உணவூட்டி, இறந்தோரை அடக்கம் செய்தார்கள். சமயம் பார்க்கவில்லை. ஜென்னரின் அம்மைத் தடுப்பூசி வருவதற்கு இன்னும் நூறு ஆண்டுகள் இருந்தன. பெரியம்மை உலகிலிருந்து ஒழிந்துவிட்டது என்ற அறிவிப்பு 1980 இலேயே வந்தது. மருந்தே இல்லாத நோய்க்கு முன்னே அவர்களிடம் இருந்தவை தண்ணீர், கஞ்சி, சுத்தம், பக்கத்தில் இருத்தல் ஆகியவை மட்டுமே. இவை உயிர்களைக் காக்கும் என்பதை வாட்டுகளில் பணியாற்றிய நாம் கண்ணாரக் கண்டிருக்கிறோம். அடிகளாரின் மிக உரத்த போதனை அக்குடிசைகளில்தான் நிகழ்ந்தது.

ஆயர் பதவி தேடி வந்தபோதும் அவர் ஏற்கவில்லை. ஒவ்வொரு ஊரிலும் மூப்பரையும் அண்ணாவிமாரையும் நியமித்து, குரு இல்லாத நாளிலும் பொதுமக்களே செபத்தை நடத்தும்படி பழக்கினார். தாம் பேசியதோடு நில்லாமல், பிறருக்கும் குரல் கொடுத்துச் சென்றார். அவருக்குத் துணையாக 1705 இல் வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் தமிழிலும் சிங்களத்திலும் நூல்கள் பல எழுதினார். 1742 இல் அவர் காலமாகி அடக்கம் செய்யப்பட்ட போலவத்தை எமது மாவட்டத்திலேயே உள்ளது.

யோசப் வாஸ் அடிகளார் 1711 சனவரி 16 ஆம் திகதி கண்டியில் இறைவனடி சேர்ந்தார். 1995 சனவரி 21 இல் கொழும்பில் திருத்தந்தை இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் அவரை முத்திப்பேறு பெற்றவராக அறிவித்தார். 2015 சனவரி 14 இல் காலிமுகத்திடலில் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதர் நிலைக்கு உயர்த்தினார்.

இனி எம்மைப் பற்றி ஒரு சொல். நாம் பயிற்சி மருத்துவராக இருந்த காலத்தில், ஒரு நோயாளிக்கு எழுதப்பட்ட மருந்தின் அளவு கூடியதாகத் தோன்றியது. பெரியவர்கள் முன்னிலையில் எப்படிச் சொல்வது என்று வாய்மூடி நின்றோம். நல்லவேளையாக ஒரு தாதி கவனித்துத் திருத்தினார். நோயாளிக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அன்றிரவு நித்திரை வரவில்லை. அதன்பின் வாட்டுக்குள் நுழையுமுன் ஒரு கணம் நின்று, பேசவேண்டிய இடத்தில் பேசும் வரத்தைக் கேட்டுச் செபிப்பது எமது வழக்கமாயிற்று. பயம் போய்விட்டது என்று சொல்லமாட்டோம். பயத்தோடேயே பேசப் பழகிக்கொண்டோம்.

இன்று கல்லூரியில் படிக்கும் தங்கைகளே, அநியாயத்தைக் கண்டும், வீட்டில் ஒரு வேதனையைச் சுமந்தும், சொல்ல முடியாமல் இருப்பவர்கள் உங்களில் இருக்கக்கூடும். உரத்துச் சொல்லவேண்டியதில்லை. முதலில் இறைவனிடம் சொல்லுங்கள். பின்பு நம்பத்தகுந்த ஒருவரிடம், ஓர் ஆசிரியையிடமோ ஒரு தோழியிடமோ, சொல்லுங்கள். அடிகளாரும் ஒரேயொரு வீட்டில்தான் தொடங்கினார்.

எமக்குப் பேசக் கற்றுத்தந்த கல்லூரித் தாய் இன்னும் பல நூற்றாண்டுகள் வாழ்க! புனித யோசப் வாஸ் அடிகளார் அவளுக்காகவும் எமக்காகவும் பரிந்து பேசுவாராக!