‘காட் சேவ் தி கிங்’ மெட்டில் அம்மன் பாட்டு: 200 வருஷத்துக்கு முன்பே ஃபியூஷன் செய்த முத்துசுவாமி தீட்சிதர்!

இங்கிலாந்து கால்பந்து மேட்ச் பார்ப்பவர்களுக்கு அந்த மெட்டு தெரிந்திருக்கும். வீரர்கள் வரிசையாக நிற்க, ஸ்டேடியமே எழுந்து நின்று பாடும் ‘காட் சேவ் தி கிங்’. அதே மெட்டில், ஒரு ஸ்வரம்கூட மாறாமல், சங்கீத தேவதையான சியாமளா மீது ஒரு சமஸ்கிருதப் பாட்டு இருக்கிறது. பெயர் ‘சந்ததம் பாஹிமாம்’. எழுதியவர் ஏதோ யூடியூப் பேண்ட் இல்லை. கர்நாடக சங்கீத மும்மூர்த்திகளில் ஒருவரான முத்துசுவாமி தீட்சிதர். அதுவும் மும்மூர்த்திகளிலேயே ரொம்ப கனமானவர், இலக்கணம் தவறாதவர் என்று பெயர் வாங்கியவர்.

அப்படிப்பட்டவர் எதற்கு வெள்ளைக்காரன் பேண்ட் மெட்டை எடுத்தார்? அப்படி எடுத்தும், மரபை விட்டுவிட்டார் என்று யாரும் அவரைச் சொல்லவில்லையே, ஏன்? கொஞ்சம் பின்னாடி போய்ப் பார்ப்போம்.

திருவாரூர் டு மணலி

1775-ல் திருவாரூரில் பிறந்தார் முத்துசுவாமி. சியாமா சாஸ்திரிகள், தியாகராஜர் இருவருக்கும் அதே ஊர்தான். அப்பா ராமசுவாமி தீட்சிதரே பெரிய இசைக்காரர். இன்று கல்யாண மண்டபம் முதல் ரிங்டோன் வரை கேட்கும் ஹம்சத்வனி ராகத்தை உருவாக்கியவர் அவர்தான். அந்த ராகத்தில் மகன் பின்னாளில் செய்த ‘வாதாபி கணபதிம்’ இல்லாமல் பல கச்சேரிகள் தொடங்குவதே இல்லை. வைத்தீஸ்வரன்கோயிலில் வேண்டிக்கொண்டு பிறந்த குழந்தை என்பதால், அங்குள்ள முத்துக்குமாரசுவாமியின் பெயரையே வைத்தார்கள். பிறகு சின்னசாமி, பாலுசாமி என்று இரண்டு தம்பிகளும் ஒரு தங்கையும் பிறந்தார்கள்.

குடும்பம் அப்படியே திருவாரூரில் இருந்திருந்தால் கதை வேறு மாதிரி போயிருக்கும். சென்னைக்குப் பக்கத்தில் மணலியில் இருந்த முத்துகிருஷ்ண முதலியார் இவர்களைக் கூப்பிட்டுத் தன் ஊரில் குடிவைத்தார். அவர் கிழக்கிந்தியக் கம்பெனியின் துபாஷி. அதாவது வெள்ளைக்காரர்களுக்கும் உள்ளூர்க்காரர்களுக்கும் நடுவே பேசி வியாபாரம் முடித்துக்கொடுப்பவர். அவருக்குப் பின் மகன் வெங்கடகிருஷ்ண முதலியார் ஆதரவைத் தொடர்ந்தார். இந்த வீட்டுத் தொடர்பால்தான் தீட்சிதர் சகோதரர்களுக்கு செயின்ட் ஜார்ஜ் கோட்டையில் ஆங்கிலேயர்களின் பேண்ட் இசையைக் கேட்கும் வாய்ப்பு வந்தது.

அண்ணன், தம்பி இருவரும் கேட்டது ஒரே இசைதான். ஆனால் ஆளுக்கொன்றை எடுத்துக்கொண்டார்கள். தம்பி பாலுசாமி எடுத்தது வயலினை. ஒரு ஐரோப்பியரிடம் வாசிக்கக் கற்று, பிறகு அதில் நம்ம ராகங்களை வாசித்துப் பார்த்தார். வயலினைக் கர்நாடக இசைக்குக் கொண்டுவந்தவர்களில் முதன்மையாகச் சொல்லப்படும் பெயர் அவருடையதுதான். இன்று வயலின் இல்லாத கச்சேரியை யோசித்துக்கூடப் பார்க்க முடியாது. நின்றுகொண்டு வாசிக்கும் கருவி இங்கே வந்ததும் தரையில் உட்கார்ந்தது, தலைப்பகுதி வாசிப்பவரின் பாதத்துக்கு வந்தது, தந்திகளின் சுருதி மாறியது. கையில் வழுக்கி வழுக்கிக் கமகம் பிடிக்க இந்த உட்காரும் முறைதான் வசதி.

அண்ணன் எடுத்தது மெட்டுகளை.

நோட்டுஸ்வரம் என்றால் என்ன?

பெயரிலேயே விஷயம் இருக்கிறது. இங்கிலீஷ் ‘நோட்’டும் நம்ம ‘ஸ்வர’மும் சேர்ந்து நோட்டுஸ்வரம். பேண்டில் கேட்ட ராணுவ, நடன, நாட்டுப்புற மெட்டுகளுக்கு தீட்சிதர் சமஸ்கிருதத்தில் சாமி பாட்டு எழுதினார். இப்படிச் சுமார் 40 பாட்டுகள் கிடைத்திருக்கின்றன. குழந்தைகளுக்குப் பாட்டு கிளாஸில் சொல்லித்தரும் ‘சக்தி சஹித கணபதிம்’ இந்த வகைதான். அதன் மூலம் ஒரு பிரெஞ்சு நடன மெட்டு என்கிறார்கள். பிள்ளையார் பாட்டுக்கு டான்ஸ் மெட்டு!

எல்லாமே சங்கராபரண ராகத்தின் ஸ்வரங்களில் அமைந்தவை. காரணம் எளிது. கீபோர்டில் கறுப்புக் கட்டைகளைத் தொடாமல் ‘ஸி’யிலிருந்து அடுத்த ‘ஸி’ வரை வாசித்தால் வரும் மேற்கத்திய மேஜர் ஸ்கேலும், சங்கராபரணத்தின் ஏழு ஸ்வரங்களும் ஒன்றுதான். ஆனால் வித்தியாசம் எங்கே என்றால், கர்நாடக இசையில் ஸ்வரம் நேராக நிற்காது. அசையும், வழுக்கும், பக்கத்து ஸ்வரத்தைத் தொட்டுவிட்டு வரும். அதுதான் கமகம். பேண்ட் மெட்டில் ஸ்வரம் ஆணி அடித்த மாதிரி நிற்கும்.

தீட்சிதர் வீணைக்காரர். தந்தியை இழுத்து ஒரே மெட்டுக்கட்டையில் மூன்று, நான்கு ஸ்வரங்களை வரவழைக்கத் தெரிந்தவர். நினைத்திருந்தால் அந்த மெட்டுகளை வளைத்து ‘நம்மதாக்கி’ இருக்கலாம். செய்யவில்லை. மெட்டை அப்படியே விட்டுவிட்டு, மொழியையும் சாமியையும் மட்டும் தன்னுடையதாக வைத்துக்கொண்டார். அதேபோல, பேண்ட் பாணியைக் கொண்டுபோய்த் தன் கீர்த்தனைகளில் ஒட்டவும் இல்லை. ரெண்டையும் தனித்தனிப் பெட்டியில் வைத்தார். இன்றைக்கு எலெக்ட்ரிக் கிட்டாரும் மிருதங்கமும் ஒரே மேடையில் இருந்தாலே ஃபியூஷன் என்கிறோம். அந்தக் கணக்கில் நோட்டுஸ்வரம் ஃபியூஷனே இல்லை, ஒரு நல்ல டப்பிங் என்றுகூடச் சொல்லலாம். நிஜமான கலவை அவருக்கு நடந்தது வேறு இடத்தில்.

காசி கொடுத்த ராகங்கள்

மணலி வீட்டுக்கு வந்த சிதம்பரநாத யோகி என்ற துறவி, முத்துசுவாமியைத் தன்னோடு காசிக்கு அனுப்பச் சொல்லிக் கேட்டார். பெற்றவர்களுக்கு மனசே வரவில்லை, கடைசியில் சம்மதித்தார்கள். ஐந்து முதல் ஏழு வருடங்கள் வரை தீட்சிதர் அங்கே இருந்ததாகச் சொல்லப்படுகிறது. வேதாந்தமும் ஸ்ரீவித்யா உபாசனையும் கற்றார். கங்கையில் இறங்கச் சொல்லி குரு அனுப்பியபோது கையில் ஒரு வீணை கிடைத்தது என்பது குடும்பத்தில் வழிவழியாக வரும் கதை. நம்புவதும் நம்பாததும் நம் இஷ்டம். காசியில் அவர் காதில் விழுந்த இந்துஸ்தானி இசை மட்டும் கதை இல்லை, பாட்டுகளிலேயே சாட்சி இருக்கிறது.

வடக்கே ஜெய்ஜெய்வந்தி, இங்கே த்விஜாவந்தி. அங்கே யமன், இங்கே யமுனா கல்யாணி. அவசரமே இல்லாமல் ஆலாபனை போல விரியும் அவரது நடையில் துருபத் பாணியின் தாக்கம் இருப்பதாக இசை ஆய்வாளர்கள் சொல்கிறார்கள்.

ஒரே ஒரு பாட்டை எடுத்துக்கொள்வோம்: ‘ஜம்புபதே’. திருவானைக்காவல் சிவன் மீது பாடியது. பஞ்சபூதத் தலங்களில் அது நீருக்கான கோயில்; கருவறைக்குள்ளேயே தண்ணீர் ஊறும். அந்த சாமிக்கு அவர் தேர்ந்தெடுத்த ராகம் எது? யமுனை நதியின் பெயர் கொண்ட யமுனா கல்யாணி. பாட்டுக்குள் கங்கை, யமுனை, காவிரி மூன்றும் வருகின்றன. வடநாட்டு ராகம், காவிரிக்கரைக் கோயில், நடுவில் தண்ணீர். கேட்டுப் பார்த்தால் யமன் போலவே ஆரம்பித்து, எங்கேயோ ஒரு வளைவில் முழுக்கத் தஞ்சாவூர்ப் பக்கத்துப் பாட்டாகிவிடும். எந்த வரியில் மாறியது என்று விரல் வைத்துச் சொல்ல முடியாது. அவர் செய்ததிலேயே எனக்கு ரொம்பப் பிடித்தது இதுதான்.

இவ்வளவு தூரம் வெளியே போய்வந்தவர், அடிப்படையில் மட்டும் அசையவே இல்லை. ராகங்களை வகைப்படுத்த வேங்கடமகி வழிவந்த பழைய மேள முறையைத்தான் கடைசிவரை பின்பற்றினார். ராகத்தின் பெயரைப் பாட்டுக்குள்ளேயே பொருளோடு நெய்துவிடுவார். கோயிலின் பெயர், தீர்த்தம், மரம், சாமியின் கோலம் எல்லாம் பாட்டில் இருக்கும். திருவாரூர் கமலாம்பாள் மீது ஒன்பது ஆவரணப் பாட்டுகள் எழுதியபோது சமஸ்கிருதத்தின் எட்டு வேற்றுமைகளையும் வரிசையாகக் கொண்டுவந்தார். எல்லாமே சமஸ்கிருதமா என்று கேட்டால், பெரும்பாலும் ஆமாம். ஆனால் மாயூரம் அபயாம்பிகை மீது சமஸ்கிருதம், தெலுங்கு, தமிழ் மூன்றையும் கலந்து ஒரு பாட்டு இருக்கிறது.

அரண்மனை பக்கத்திலேயே இருந்தது

காசியிலிருந்து திரும்பியவர் திருத்தணியில் முதல் கீர்த்தனையைப் பாடினார். ‘குருகுஹ’ என்ற முத்திரை அங்கிருந்துதான் தொடங்குகிறது. காஞ்சிபுரத்தில் சில காலம் இருந்துவிட்டுத் திருவாரூர் வந்து சேர்ந்தார்.

கைக்கெட்டும் தூரத்தில் தஞ்சாவூர் அரண்மனை. 1799-லேயே நாட்டின் நிர்வாகம் கம்பெனியின் கைக்குப் போய்விட்டாலும், சரபோஜி மன்னர் இசைக்கும் புத்தகத்துக்கும் வாரிக்கொடுத்தவர். மேற்கத்திய இசையில் ஆர்வம் உள்ளவர். அரண்மனையிலேயே பேண்ட் வைத்திருந்தவர். நோட்டுஸ்வரம் எழுதியவருக்கு இதைவிடப் பொருத்தமான ஆதரவாளர் கிடைப்பாரா? மன்னரைப் பாடினால் வீட்டுக்கு நகை வரும் என்று மனைவி ஆசைப்பட்டதாகவும், மனிதரைப் பாட மாட்டேன் என்ற முடிவோடு அவர் லலிதா ராகத்தில் லட்சுமி மீது ‘ஹிரண்மயீம்’ பாடியதாகவும் சொல்வார்கள். சமையலுக்கு ஒன்றும் இல்லாத ஒரு நாளில், அவரிடம் பாட்டு கற்ற திருவாரூர் நடனக் கலைஞர் கமலம் தன் வளையலை அடகு வைக்க முன்வந்தார், அவர் வாங்கவில்லை என்று இன்னொரு கதை. கதைகளில் கடைசியில் ஏதாவது அற்புதம் நடந்து அரிசி வந்துவிடும். அதை எடுத்துவிட்டுப் பார்த்தால், வீட்டில் அரிசி இல்லை என்பதுதான் மிச்சம்.

கவனித்தீர்களா, சிஷ்யை ஒரு தேவதாசி மரபுக் கலைஞர். சுத்த மத்தளம் வாசித்த தம்பியப்பனும் அவரிடம் கற்றவர்தான். வயிற்றுவலியால் துடித்த தம்பியப்பன், குரு கிரகத்துக்கு மந்திரம் ஜபிக்க முடியாத நிலையில் இருந்ததால் அவருக்காகவே அடாணா ராகத்தில் ‘ப்ருஹஸ்பதே’ பாடிக்கொடுத்தார் என்றும், கிரகப் பாட்டுகள் அப்படித்தான் தொடங்கின என்றும் சொல்லப்படுகிறது. பரதநாட்டியக் கச்சேரியின் இன்றைய வரிசையை அமைத்த பொன்னையா, சின்னையா, சிவானந்தம், வடிவேலு ஆகிய தஞ்சை நால்வரும் அவருடைய மாணவர்கள். இவர்களில் வடிவேலு வயலினில் பெயர் எடுத்து, திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாளிடமிருந்து தந்தத்தால் ஆன வயலினைப் பரிசாகப் பெற்றார்.

எட்டயபுரம்

தம்பி பாலுசாமி எட்டயபுரம் ஜமீனில் ஆஸ்தான வித்வானாகச் சேர்ந்திருந்தார். அவரைத் தேடித் தெற்கே போன தீட்சிதர் அங்கேயே தங்கிவிட்டார். 1835 தீபாவளி நாளில், சிஷ்யர்கள் மதுரை மீனாட்சி மீதான அவரது பாட்டைப் பாடிக்கொண்டிருக்கும்போது உயிர் பிரிந்தது. கோவில்பட்டியிலிருந்து தூத்துக்குடி போகும் வழியில், பாரதியார் வீட்டைப் பார்க்க எட்டயபுரத்தில் இறங்குபவர்கள் அதே ஊரில் அவர் சமாதியையும் பார்க்கலாம்.

பாட்டுகள் எப்படித் தப்பின? அதுவும் எட்டயபுரத்தில்தான். பாலுசாமியின் மகள்வழிப் பேரனும் வளர்ப்பு மகனுமான சுப்பராம தீட்சிதர், 1904-ல் ‘சங்கீத சம்பிரதாய ப்ரதர்சினி’ என்ற பெரிய நூலை வெளியிட்டார். முத்துசுவாமியின் 200-க்கும் மேற்பட்ட பாட்டுகள் அதில் ஸ்வரத்தோடு இருக்கின்றன. வீட்டுச் சொத்தை வெளியே கொடுக்கத் தயங்கிய அவரை விடாமல் வற்புறுத்தியவர் சின்னசாமி முதலியார். கத்தோலிக்கக் கிறிஸ்தவரான இவர், நம் பாட்டுகளை மேற்கத்திய ஸ்டாஃப் நோட்டேஷனில் எழுதிவிட வேண்டும் என்று அதற்காகவே உழைத்தவர். ஆனால் அசையும் ஸ்வரத்தை அந்த ஐந்து கோடுகளுக்குள் முழுசாகப் பிடிப்பது கஷ்டம். அதனால் சுப்பராம தீட்சிதரின் நூலில் ஸ்வர எழுத்துகளின் மேல் சின்னச் சின்னக் குறிகள் இருக்கும். எந்த ஸ்வரம் எப்படி அசைய வேண்டும் என்று ஒவ்வொரு கமகத்துக்கும் ஒரு குறி.